யாத்திரை பஸ்கள் நிற்குமிடம்

ஏழை ஜனங்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு யாத்திரை செல்லும் வழக்கம் இன்று தமிழ்நாட்டில் ஊர்தோறும் பரவியிருக்கிறது. ஒரு தெருவாரோ, ஒரு பஜனை கோஷ்டியாரோ, ஒரு மாதர் சங்கத்தாரோ மாதாமாதம் பணம் சேர்க்கிறார்கள். ஐம்பது பேர் திரண்டதும் நாள் பார்த்துப் புறப்படுகிறார்கள். ரயிலில் இடம் கிடைக்காதவர்களும், தனி மோட்டார் அமர்த்தச் சக்தியற்றவர்களும், துணையின்றிப் புறப்பட அஞ்சும் முதியோரும் ஆறுபடை வீடுகளையும் கண்டு திரும்புவது பெரும்பாலும் இவ்வழியாலேதான். ஆனால் அந்த பஸ் போய்ச் சேரும் ஊரில் அது எங்கே நிற்பது, அந்த ஐம்பது பேர் எங்கே இறங்கி எங்கே ஏறுவது என்னும் கேள்விக்கு மாத்திரம் விடை சொல்லுவார் இல்லை.

இது பத்திரிகையில் எழுதத்தக்க விஷயமா என்று சிலர் நினைக்கலாம். ராஜ்யங்களின் நிலைமையும் சட்டசபையின் விவாதங்களும் இருக்க, பஸ் நிற்கும் இடத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதா என்று அவர்கள் கேட்கக்கூடும். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. ஒரு தேசத்தின் நிர்வாகம் எப்படிப்பட்டது என்பதை அதன் தலைநகரின் மாளிகைகளைக் கொண்டு அளப்பதைவிட, கூட்டத்தில் ஒரு கிழவி தான் வந்த வண்டியைக் கண்டுபிடித்து ஏறுவதற்குப் படும் பாட்டைக் கொண்டு அளப்பதே நேர்மையாகும்.

திருத்தணிகையையும் அதற்கு வாயிலாயுள்ள அரக்கோணத்தையும் எடுத்துக்கொள்வோம். முருகப் பெருமானின் ஐந்தாம் படைவீடாகிய திருத்தணி, வருஷத்தின் நாட்களைக் குறிக்கும் 365 படிகளைக் கொண்ட மலை. ஆடிக் கிருத்திகையில் காவடிகள் மலையேறுவதையும், சரவணப் பொய்கையில் தெப்பம் மிதப்பதையும், டிசம்பர் 31-ந் தேதி இரவு படிதோறும் தீபமேற்றித் திருப்புகழ் பாடுவதையும் காணத் தமிழ்நாட்டினின்றும் ஆந்திரத்தினின்றும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். இந்து சமய அறநிலையத் துறையாரும் 2024-ஆம் வருஷம் முதல் 60 முதல் 70 வயது வரையுள்ள முதியோரை ஆறுபடை வீடுகளுக்கும் இலவசமாக பஸ்களில் அழைத்துச் செல்லும் ஏற்பாட்டைச் செய்திருக்கின்றனர். நல்ல காரியம், நாம் பாராட்டுகிறோம். ஆயினும் 70 வயதுக் கிழவர் ஒருவரைத் திருத்தணிக்கு அழைத்துவருவது பாதிக் காரியமேயாகும். அவரை வெயிலிலும் வண்டிகளின் நடுவிலும் அலையவிடாமல் பத்திரமாக இறக்கி, பத்திரமாக ஏற்றி அனுப்புவதுதான் மற்றப் பாதி.

இப்பொழுது நடப்பது என்ன? வந்த பஸ் எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே நிற்கிறது. ஜனங்கள் இறங்குகிறார்கள். டிரைவர், "இங்கேயே இருப்பேன், வந்துவிடுங்கள்" என்கிறார். சிறிது நேரத்தில் போலீஸ்காரர் வந்து விரட்டுகிறார். வண்டி வேறிடம் போகிறது. தரிசனம் முடிந்து திரும்பிய கோஷ்டி வண்டியைக் காணாமல் தவிக்கிறது. பத்துப் பேர் ஒரு பக்கம், இருபது பேர் மறுபக்கம், குழந்தையைத் தேடும் தாய் ஒரு மூலையில்! கடைசியில் டிரைவர் வண்டியை மறுபடியும் நடுவீதிக்குக் கொண்டுவந்து நிறுத்தி ஆட்களை ஏற்றுகிறார். பின்னால் பத்து வண்டிகள் ஊதுகின்றன. அவசரத்தில் ஏறுவோர் தடுக்கி விழுகின்றனர். திருவிழாக் காலங்களில் போலீஸார் ஊர்ப்புறத்தில் வண்டிகள் நிற்பதற்குத் தற்காலிக இடங்களை வகுப்பதுண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வண்டி நிற்க இடம் வகுத்தால் காரியம் முடிந்துவிட்டது என்று கருதுவதே இங்குள்ள பெரும் பிழை. வண்டி நிற்பது வேறு. மனிதர் ஏறி இறங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் இரண்டும் கெடுகின்றன.

இந்த உண்மையைக் கற்க நாம் மேல்நாட்டுக்குப் போகவேண்டுவதில்லை. அரக்கோணம் ஸ்டேஷனுக்குப் போனால் போதும். 1856-ஆம் வருஷத்தில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது, அதன் பாதை அரக்கோணத்தின் வழியாகவே சென்றது. பின்னர் வடக்கே ரேணிகுண்டா மார்க்கமும், தெற்கே காஞ்சிபுரம் செங்கற்பட்டு மார்க்கமும் அங்கிருந்து பிரிந்தன. நாள் முழுதும் ரயில்கள் வந்துபோகும் அந்த ஜங்ஷனில் எந்த ரயிலாவது பிளாட்பாரத்தில் படுத்து உறங்கக் கண்டதுண்டா? ரயில் வருகிறது, ஜனங்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள், ரயில் போய்விடுகிறது. வேலையில்லாத வண்டிகள் யார்டுக்கும் எஞ்சின்கள் ஷெட்டுக்கும் செல்கின்றன. பிளாட்பாரம் மனிதருக்கு, யார்டு வண்டிக்கு. இந்தப் பிரிவினையை ரயில்வேக்காரர்கள் நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக அனுசரித்து வருகிறார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே வந்தவுடன் அந்த அறிவை நாம் ஏன் மறந்துவிட வேண்டும்?

இதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், குறித்த மார்க்கத்தில் ஓடி இடையிடையே ஆட்களை ஏற்றும் பஸ்ஸை ஒரு வகையாகவும், ஒப்பந்தத்தின் பேரில் ஒரு கோஷ்டியை மாத்திரம் ஏற்றிச் செல்லும் பஸ்ஸை வேறொரு வகையாகவும் பிரித்திருக்கிறது. முதல் வகைக்கு மார்க்கம் உண்டு, நேரம் உண்டு, பஸ் ஸ்டாண்டு உண்டு. ஒப்பந்த பஸ்ஸுக்கு பெர்மிட் உண்டு, வரி உண்டு. ஆனால் வீடு இல்லை. 2023-ஆம் வருஷத்து அகில இந்திய டூரிஸ்ட் வாகன பெர்மிட் விதிகளின்படி கட்டணம் செலுத்திய வண்டி இந்தியா முழுவதும் போகலாம். எல்லா ஊருக்கும் போகலாமென்று உத்தரவு. எந்த ஊரிலும் நிற்க இடமில்லை! இத்தகைய விசித்திரத்தை என்னென்பது?

ஆயினும் பரிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதன் 117-ஆவது பிரிவு, ராஜ்ய சர்க்காரோ அதனால் அதிகாரமளிக்கப்பட்டவரோ ஸ்தல ஸ்தாபனத்தைக் கலந்துகொண்டு, மோட்டார் வண்டிகள் நிற்பதற்குரிய இடங்களை நிர்ணயிக்கலாம் என்கிறது. ஜனங்களை ஏற்றி இறக்குவதற்கு வேண்டிய நேரத்தைக் காட்டிலும் அதிக நேரம் பொது வண்டிகள் தங்கத்தக்க இடங்களையும் அவ்வாறே நிர்ணயிக்கலாம் என்று அது கூறுகிறது. நேயர்கள் இந்த வாசகத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். ஏற்றி இறக்கும் நேரம் ஒன்று, தங்கும் நேரம் மற்றொன்று என்று சட்டமே பிரித்துப் பேசுகிறது. ஆகவே புதிய சட்டம் வேண்டாம். இருக்கும் சட்டத்தைப் படித்து நிறைவேற்றினால் போதும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் ஒரு சிறு கணக்கினால் அறியலாம். ஒரு பஸ்ஸில் 50 பேர். மூட்டையோடு ஒரு முதியவர் படியேறி உள்ளே செல்ல 15 விநாடி ஆகுமென்று வைத்துக்கொண்டால், ஒரே வாயிலில் 50 பேரும் ஏறப் பன்னிரண்டரை நிமிஷம் ஆகிறது. தலையெண்ணிப் பார்க்க இன்னும் சற்று நேரம் கொடுத்தால் கால் மணி. ஆகவே ஓர் ஏறுமிடத்தில் மணிக்கு 4 பஸ்களை நெருக்கடியின்றி நிரப்பி அனுப்பலாம். மணிக்கு 20 பஸ்கள் புறப்படும் நாளில் 5 ஏறுமிடங்கள் இருந்தாற் போதும். பஸ்ஸின் நீளம் 12 மீட்டர். அது வளைந்து உள்ளே வந்து மீண்டும் வெளியே செல்லச் சுமார் 8 மீட்டர் சேர்த்தாலும், ஐந்துக்கும் சேர்த்து 100 மீட்டர் நீளமுள்ள வீதியோரமே தேவை. அந்த 100 மீட்டரில் வேறெந்த வண்டியும் நிற்கலாகாது. நமது தேசத்தில் பஸ்ஸின் வாயில் இடப்புறத்தில் இருப்பதால், ஏறுமிடமும் வீதியின் இடப்புறத்திலேயே, நடைபாதையை ஒட்டி அமையவேண்டும். எதிர்ப்புறத்தில் அமைத்தால் கூட்டம் முழுவதும் வண்டிகளின் நடுவே இறங்கி ஏறவேண்டியதாகும்.

தங்குமிடம் மலையடிவாரத்தில் இருக்கவேண்டிய அவசியமில்லை. ஊருக்குப் புறத்தே, பெரிய ரோட்டையொட்டி இருந்தாற் போதும். ஒரு பஸ் நிற்கச் சுமார் 30 சதுர மீட்டர் வேண்டும். அது திரும்பவும் போகவரவும் வழிவிட்டால் 100 சதுர மீட்டர் என்று கொள்ளலாம். 100 பஸ்களுக்கு ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர். ஒரு வாயிலால் நுழைந்து மற்றொரு வாயிலால் வெளியேறும்படி அதை வகுக்கவேண்டும். ஜனங்கள் நடமாடும் இடத்தில் நீளமான பஸ்ஸைப் பின்னோக்கிச் செலுத்துவதைப் போன்ற அபாயம் வேறில்லை. நுழையும்போதே வண்டிக்கு ஓர் எண்ணும், ஏறுமிடத்துக்கு வரவேண்டிய நேரமும் குறித்த சீட்டு ஒன்றைக் கொடுத்துவிடலாம். இக்காலத்தில் எல்லோர் கையிலும் டெலிபோன் இருக்கிறதே, அழைத்துக்கொள்ளலாமே என்பர். பெருங்கூட்டத்தில் டெலிபோன் பேசாது, பேசினாலும் கேளாது. முன்னதாகக் குறித்த நேரமும் கண்ணுக்குத் தெரியும் எண்ணுமே கிழவர்க்கும் எழுத்தறியாதார்க்கும் துணை.

இவையெல்லாம் காகிதத்தில் எழுதும் கனவல்ல. சபரிமலையை நோக்குக. 2018-ஆம் வருஷத்து வெள்ளத்தில் பம்பைக் கரை பாழான பிறகு, யாத்திரை பஸ்கள் தங்குமிடம் சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலக்கல்லுக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து பம்பைக்குக் கேரள ராஜ்யப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் ஓயாமல் ஓடி ஜனங்களைக் கொண்டுபோய் விடுகின்றன. அதிலும் குறைகள் உண்டு. கூட்டம் மிகுந்த நாட்களில் யாத்திரிகர் வெகுநேரம் காத்திருக்க நேர்கிறது. எனினும் வண்டியை ஓரிடத்திலும் மனிதரை வேறோரிடத்திலும் வைத்து நடத்தலாம் என்பதை அது காட்டிவிட்டது.

இதைக் கலந்தாலோசியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஆம்னி பஸ்கள் கோயம்பேட்டை விட்டு அங்கே செல்லவேண்டுமென்று உத்தரவு பிறந்தது. வண்டிகளின் ஷெட்டுகளோ கோயம்பேட்டில் இருந்தன. எங்கே ஆட்களை ஏற்றுவது என்ற தகராறு ஹைகோர்ட்டு வரை சென்று, 2024 பிப்ரவரியில் சில இடங்களில் ஏற்றி இறக்கக் கோர்ட்டார் அனுமதி தரவேண்டியதாயிற்று. இடம் பெரிதாயிருந்தால் மாத்திரம் போதாது. ஏறுவோர், ஓட்டுவோர், ஊரார் மூவரையும் முன்னதாகக் கேட்டிருக்கவேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். வண்டிகளை ஊர்ப்புறத்துக்கு அனுப்பினால் கடைவீதியின் வியாபாரம் கெடும் என்று சிலர் அஞ்சுவர். கடைக்குப் பணம் கொடுப்பது பஸ் அல்ல, மனிதர். கடைவாயிலை மறைத்துக்கொண்டு நாள் முழுதும் நிற்கும் பஸ்ஸால் வியாபாரிக்கு என்ன லாபம்? வீதி திறந்திருந்தால் ஜனங்கள் நின்று நிதானித்து வாங்குவார்கள். முதியோர் வெகுதூரம் நடக்கவேண்டிவரும் என்பது மற்றோர் ஆட்சேபம். இது நியாயமான கவலை. அதனால்தான் ஏறுமிடத்தை அடிவாரத்தின் அருகிலேயே வைக்கவேண்டும் என்கிறோம். தூரம் போகவேண்டியது காலி பஸ், கிழவரல்லர். திருவிழா நாலைந்து நாட்களே, அதற்காக நிலம் ஒதுக்குவதா என்பது மூன்றாவது. யாத்திரை பஸ்கள் திருவிழாவுக்கு மாத்திரமா வருகின்றன? கிருத்திகைதோறும், விடுமுறைதோறும், திருப்பதிக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் அவை வந்துகொண்டேயிருக்கின்றன. அவை வராத நாளில் அந்த நிலத்தில் சந்தை கூடலாம், லாரிகள் தங்கலாம், அவற்றிடம் கட்டணம் வாங்கலாம்.

திருவிழாப் பெருநாட்களில் அரக்கோணத்துக்கு ஒரு தனிப் பணி உண்டு. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வரும் பஸ்களை அரக்கோணத்திலேயே தங்கவைத்து, ஜனங்களை ரயிலில் திருத்தணிக்கு அனுப்பலாம். தூரம் சுமார் 14 கிலோமீட்டரே. ஆடிக் கிருத்திகைக்கு இவ்விரண்டு ஸ்டேஷன்களுக்கிடையே விசேஷ ரயில்கள் விடும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ரயிலின் நேரத்தையும் பஸ் தங்குமிடத்தையும் ஒன்றோடொன்று இணைப்பதுதான் பாக்கி.

ஆனால் இணைப்பவர் யார்? இங்கேதான் தடை. 2019-ஆம் வருஷம் முதல் அரக்கோணம் இராணிப்பேட்டை ஜில்லாவைச் சேர்ந்தது. திருத்தணி திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்தது. நகரசபைகள் இரண்டு, கலெக்டர்கள் இருவர், போலீஸ் சூப்பிரண்டுகள் இருவர், ரயில்வே தனி, கோயில் தனி, நகரி, புத்தூர் பக்கமிருந்து வரும் பஸ்களோ ஆந்திர ராஜ்யத்தினுடையவை. யாத்திரிகர் ஓடை ஒன்றே; அதன் கரைகள்தான் ஏழெட்டாக உடைந்து கிடக்கின்றன. ஆகவே இரு ஜில்லாக்களின் அதிகாரிகளும், இரு நகரசபைகளும், தேவஸ்தானமும், ரயில்வேயும், பஸ் உடைமையாளரும், டிரைவர்களின் பிரதிநிதிகளும் கூடிய ஒரு நிரந்தரக் கமிட்டி அமையவேண்டும். சித்தூர் ஜில்லா அதிகாரிகளையும் அதற்கு அழைக்கவேண்டும். எல்லை என்பது வரைபடத்தில் இருக்கலாம். காவடி தூக்கி வருபவனுக்கு அது தெரியாது.

டிரைவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமுமே வேலை என்று வரையறுத்தது. யாத்திரை பஸ்ஸின் டிரைவரோ இரவெல்லாம் ஓட்டிவந்து, பகலெல்லாம் போலீஸாருக்குப் பயந்து வண்டியை இடம் மாற்றிக்கொண்டிருந்து, மறுபடியும் இரவில் ஓட்டுகிறான். அவனுக்குத் தூக்கம் எப்போது? தங்குமிடத்தில் நிழலும், குடிதண்ணீரும், குளிக்குமிடமும், படுக்க ஒரு கொட்டகையும் வேண்டுமென்பது அவனுக்குக் காட்டும் தயையன்று. அவனை நம்பிக் கண்மூடி உறங்கும் ஐம்பது உயிர்களுக்கு அளிக்கும் காப்பு. ஏறுமிடத்தில் ஸ்திரீகளுக்குக் கழிப்பிடமும் விளக்கும் இருப்பதும் அவ்வாறே. பல மணி நேரம் பிரயாணம் செய்து இறங்கும் ஒரு பெண் முதலில் தேடுவது கோபுரத்தையன்று என்பதைத் திட்டம் போடும் ஆண்கள் நினைவில் வைக்கவேண்டும்.

இறுதியாக, நமது நேயர்களில் பொதுக்காரியங்களில் ஈடுபட்டோருக்கு ஒரு விண்ணப்பம். மாநாடு என்றாலும் ஊர்வலம் என்றாலும் நூற்றுக்கணக்கான பஸ்களை அமர்த்துவோர் நீங்களே. சர்க்கார் செய்யவில்லை என்று கூறி நாம் சும்மா இருப்பதற்கில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குச் சுமார் நூறு தொண்டர்களோடு நடந்தபோது, எந்த இரவு எந்த ஊரில் தங்குவது என்பது முன்னதாகவே திட்டமிடப்பட்டிருந்தது. உணவும் இடமும் கொடுப்போரைத் தண்டிப்பதாக ஜில்லா கலெக்டர் மிரட்டியும் அந்த ஒழுங்கு குலையவில்லை. அடக்குமுறையின் நடுவே நூறு பேருக்குச் செய்த ஏற்பாட்டைச் சுதந்தர நாட்டில் ஐம்பது பேருக்குச் செய்ய நம்மால் இயலாதா? ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பொறுப்பான ஒருவர். அவர் கையில் பெயர்ப் பட்டி. வண்டியின் எண்ணும் சேருமிடமும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் மடியிலும். முதியோர் முதலில் ஏறுவது. எண்ணிக்கை சரியாகும்வரை வண்டி நகராமலிருப்பது. இவற்றுக்குச் சர்க்கார் உத்தரவு எதற்கு?

திருத்தணி நமக்குச் சும்மா கிடைத்த ஊரன்று. 1911-ஆம் வருஷத்தில் சித்தூர் ஜில்லாவோடு சேர்க்கப்பட்ட அப்பகுதியை மீட்க ம. பொ. சிவஞானமும், மங்கலங்கிழாரும், விநாயகமும், பெயர் தெரியாத எத்தனையோ தொண்டர்களும் பாடுபட்டனர். படாஸ்கரின் தீர்ப்புக்குப் பின், 1960 ஏப்ரல் 1-ந் தேதி அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லையைக் காப்பதற்குச் சிறை சென்ற தலைமுறை தன் கடமையைச் செய்துவிட்டது. அந்த எல்லைக்குள் வரும் ஏழை யாத்திரிகன் அடிபடாமல், அலையாமல், அவமானப்படாமல் திரும்பிப் போகும்படி செய்வது நமது தலைமுறையின் கடமை. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு முன் இரண்டரை ஏக்கர் நிலமும், நூறு மீட்டர் வீதியோரமும், ஒரு கமிட்டியும் வேண்டும். நாம் கேட்பது இவ்வளவே. இதைக்கூடச் செய்ய முடியாதென்று எந்த அதிகாரியாவது கூறுவாராயின், அவர் காரணத்தைப் பொதுஜனங்களுக்கு முன் வந்து சொல்லட்டும்.